சீரங்கப்பட்டணம் கண்ட சுவார்ட்ஸ் ஐயர்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருவுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களில் பெரியவர்கள் யாரிடமாவது 'சுவார்ட்ஸ் ஐயர்' என்று சொல்லிப் பாருங்கள். சிலருக்காவது சட்டென்று நினைவு வரும். "பெரிய கோயிலுக்குப் பக்கத்திலே, சிவகங்கைத் தோட்டத்திலே இருக்கே, அந்தச் சர்ச்சா?" என்பார்கள். ஐயர் என்றதும் வேறு யாரையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் சீர்திருத்தச் சபைக் குருமார்களை 'ஐயர்' என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்ற இந்த ஜெர்மானியர் 1750இல் தமிழ் மண்ணில் கால் வைத்தவர். 1798இல் தஞ்சாவூரில் கண்மூடியவர். இடையில் ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. மொத்தம் 48 ஆண்டு ஊழியம்.

இவரைப் பற்றிப் பெங்களூருத் தமிழர் மலரில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. 1779ஆம் ஆண்டில் இவர் ஹைதர் அலியைக் காணச் சீரங்கப்பட்டணத்துக்கு வந்தார். நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வருகிறோமே, அதே ஊர்தான். அந்தப் பயணத்தின் முடிவில் அவர் கைக்கு 300 ரூபாய் வந்தது. அந்த 300 ரூபாய் என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த மனிதரின் 48 ஆண்டும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். லுத்தரன் சபையோடு எனக்குள்ள பழக்கமெல்லாம் இங்கே எங்கள் தெருவில் இருக்கும் ஒரு நண்பர் மூலமாக வந்தது. ஒருநாள் அவரிடம், "உங்க ஆளுங்க எதுக்கெடுத்தாலும் கிருபை கிருபைன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னதான் சார்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கூலின்னா வேலை செஞ்சு வாங்கறது. கிருபைன்னா வேலைக்கு முன்னாலேயே கிடைச்சுடறது. அதுக்கப்புறம் நாம செய்யற வேலைக்குக் கூலி கேக்க முடியாது, அவ்வளவுதான்" என்றார். 1517இல் மார்ட்டின் லுத்தர் தொடங்கி வைத்த பெரிய விவாதத்தின் உட்கரு ஏறக்குறைய இதுவே. மனிதன் தன் நற்செயல்களால் மீட்பைச் சம்பாதிப்பதில்லை, இறைவன் அதை இலவசமாகத் தருகிறான், நற்செயல்கள் அதன் பின்னே மரத்தில் காய் காய்ப்பது போல வருகின்றன என்பது லுத்தரன் கொள்கை. திருவாசகம் கேட்டு வளர்ந்த நமக்கு 'அருள்' என்ற சொல் வழியாக இது ஓரளவு பிடிபடும். சமய வேறுபாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. இங்கே அவற்றில் நுழையவில்லை.

சுவார்ட்ஸ் 1726 அக்டோபரில் பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே தாய் இறந்துவிட்டார். சாகும்போது, 'இந்தப் பிள்ளையை இறைபணிக்கு நேர்ந்துவிட்டேன், அவன் போக விரும்பினால் தடுக்காதீர்கள்' என்று கணவரிடமும் ஊர்க் குருவிடமும் சொல்லிவிட்டுப் போனாராம். நேர்ந்துவிடுவது என்பது நமக்கு ஒன்றும் புதிதில்லையே. 1746இல் பையன் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கேதான் வியப்பு. சென்னையில் நெடுநாள் பணிசெய்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சு என்பவர் அப்போது ஹாலேயில் தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அச்சுப்படி திருத்துவதற்காக இளைஞர் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அந்த வேதாகமம் அச்சேறவில்லை. கற்ற தமிழ் மட்டும் மிச்சமாயிற்று. தமிழகத்தைப் பாராமலே தமிழெழுத்துக் கூட்டிப் படித்த பையன்! ஹாலேக்கும் தமிழுக்கும் அதற்கு முன்பே தொடர்பு உண்டு. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து அமைத்த அச்சுக்கூடத்துக்குத் தமிழெழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டது ஹாலேயிலிருந்துதான்.

1749இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம். டேனிஷ் அரசரின் ஆதரவில் தரங்கம்பாடி மிஷன் நடந்ததால் அங்கே போய்ப் பட்டம் பெறுவது வழக்கம். 1750 ஜூலையில் கடலூர் வழியாகத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். வந்த நான்கு மாதத்துக்குள், சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்துவிட்டார். பெங்களூருவில் 40 ஆண்டு இருந்தும் ஆட்டோக்காரரிடம் 'எஷ்டு?' என்பதற்கு மேல் கன்னடம் பேசத் தெரியாத நம்மில் சிலர் (என்னையும் சேர்த்துத்தான்) கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய செய்தி இது. தமிழோடு அவர் நிற்கவில்லை. போர்த்துகீசியம், இந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி என்று யாரிடம் பேச வேண்டுமோ அவருடைய மொழியைத் தேடிப் போய்க் கற்றார். நவாபின் ஆட்களோடு பேசப் பாரசீகம் தேவைப்பட்டது. தஞ்சை அரண்மனையில் மராத்தி தேவைப்பட்டது.

1762 முதல் திருச்சியில் வாசம். தெப்பக்குளத்துக்கு அருகே இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766இல் அவர் எழுப்பியது. வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்நாளில் அவருடைய வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். மாதம் 10 வராகன் வருமானம். பழைய கட்டடம் ஒன்றில் ஒரே அறை. கட்டிலும் அவரும் கொள்ளும் அளவு. கறுப்புப் பருத்தித் துணியில் உடுப்பு. சாப்பாடு சோறும் காய்கறியும். கோட்டையில் இருந்த ஆங்கிலப் பட்டாளத்தார்க்கும் அவர் ஆராதனை நடத்தினார். பின்னர் 1760களின் கடைசியில் அதற்காகக் கம்பெனி ஆண்டுக்கு 100 பவுன் கொடுக்கத் தொடங்கியபோது அதில் பெரும்பகுதி மிஷன் கட்டடத்துக்கும் சபைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போயிற்று. அந்தக் காலத்தில் கம்பெனி உத்தியோகம் பார்க்க வந்த ஐரோப்பியர் பலர் ஐந்தாறு வருஷத்தில் இலட்சங்களோடு கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தே பெரும் பணக்காரர் ஆனவர்களும் உண்டு. அவர்கள் நடுவில் இப்படி ஒரு வெள்ளைக்காரர் இருந்தால் ஊர் பார்க்காமல் இருக்குமா?

தஞ்சை மன்னர் துளஜாவும் பார்த்தார். 1769இல் முதல் சந்திப்பு. பாரசீகத்தில் தொடங்கிய பேச்சு தமிழுக்கு மாறியது. அரசர் தட்டில் இனிப்புக் கொண்டுவரச் சொன்னார். சுவார்ட்ஸ் உடனே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவில்லை. "நாங்கள் எதையும் உண்ணுமுன் இறைவனுக்கு நன்றி சொல்லி, அதை நல்லபடி பயன்படுத்த அவருடைய கிருபையை வேண்டுவது வழக்கம்" என்ற கருத்துப்படச் சொன்னார். அப்படியே செய்யும் என்று அரசர் அனுமதித்தார்; மராட்டிய அரண்மனையில் ஒரு தட்டு மிட்டாய்க்காக ஜெபம் நடந்தது. சின்ன நிகழ்ச்சிதான். ஆனால் கையில் வருவது எதுவானாலும், அது மிட்டாயோ பணமோ, 'இது எனக்கு வந்த கொடை, இதை என்ன செய்ய வேண்டும்' என்று ஒரு நொடி நின்று கேட்கிற பழக்கம் இவருக்கு இருந்தது. துளஜா அவரைத் தம் பாதிரியாராகவே கருதத் தொடங்கினார். 1778இல் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கே குடிபெயர்ந்தார்.

இனி 1779. சென்னை கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்தார். ஹைதர் அலியிடம் இரகசியமாகப் போய், கம்பெனிக்குச் சமாதானத்திலேதான் விருப்பம் என்று சொல்லி, ஹைதரின் மனநிலையையும் அறிந்து வர வேண்டும் என்பது கோரிக்கை. ஒரு சபைக்குரு அரசியல் தூது போகலாமா என்று சுவார்ட்ஸ் தயங்கினார். போகச் சம்மதித்ததற்கு அவர் மூன்று காரணம் எழுதி வைத்திருக்கிறார். இரத்தம் சிந்தாமல் தடுக்க முடியுமானால் அது இறைவனுக்கு உகந்த வேலை. போகிற வழியெல்லாம் வேதத்தைப் பேச வாய்ப்பு. கம்பெனி தனக்குச் செய்த உதவிகளுக்கு நன்றிக்கடன். அதோடு, வெகுமதி எதுவும் தொட்டுக் கையைக் கறைப்படுத்திக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார்.

சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஹைதரின் எல்லைக் கோட்டை அப்போது கரூர். அனுமதி வரும்வரை அங்கே ஒரு மாதம்போலக் காத்திருந்தார்கள். பிறகு மலையேறி மைசூர்ச் சீமைக்குள் நுழைந்து ஆகஸ்ட் கடைசியில் சீரங்கப்பட்டணத்தை அடைந்தார்கள். இன்று நாம் போய்ப் பார்க்கிற தரியா தௌலத், கும்பஸ் இரண்டும் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. அவை 1780களில் கட்டி முடிக்கப்பட்டவை. காவிரி இருந்தது, அரங்கநாதர் கோயில் இருந்தது, கோட்டை இருந்தது. கோட்டைக்குள் காய்ச்சல் பரவியிருந்ததால் சுவார்ட்ஸுக்கு வெளியே மேட்டில் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள்.

இந்தக் காய்ச்சல் நம் கதையோடும் சம்பந்தப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, 1799இல், திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலப் பட்டாளம் சீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காய்ச்சலிலும் கொசுவிலும் வதைபட்டு 1809இல் பெங்களூருவுக்கு இடம் மாறியது. அதுதான் கண்டோன்மென்ட். சென்னைப் பட்டாளத்தின் பின்னே சிப்பாய்களும் சமையற்காரர்களும் தையற்காரர்களும் வியாபாரிகளுமாக வந்தவர்கள் அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறினார்கள். பெங்களூருத் தமிழர் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம் சீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலில் ஆரம்பிக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹைதரின் தர்பாரை சுவார்ட்ஸ் கண் கொண்டு பார்த்து எழுதிய குறிப்பு வரலாற்று மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர், கடிதங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு உடனுக்குடன் பதில் சொல்லுவதையும், அவருடைய நினைவாற்றலையும் வியந்திருக்கிறார். சவுக்குப் பிடித்த 200 பேர் எப்போதும் தயாராக நின்றதையும், தவறு செய்தவன் வரி வசூல் அதிகாரியானாலும் அரச குடும்பத்துச் சொந்தக்காரனானாலும் அடி விழுந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அநாதைச் சிறுவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து ஹைதர் ஒரு படைப்பிரிவாக வளர்த்ததையும் அதே நேர்மையோடு பதிவு செய்தார். ஒருவன் எந்த மதம் என்பதைப் பற்றி இந்த ராஜாவுக்குக் கவலையே இல்லை என்பதும் அவர் கண்டது. ஹைதரைக் கொண்டாடுபவர்களும் தூற்றுபவர்களும் இன்று நிறையப் பேர். இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு சாட்சி இது.

ஹைதரின் படையில் ஐரோப்பியர்களும் இருந்தார்கள், ஜெர்மானியர் உட்பட. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலரும் இருந்தார்கள். ஞாயிறுதோறும் ஒரு ஜெர்மன் கேப்டனின் கூடாரத்தில் ஆராதனை. ஜெர்மனிலும் தமிழிலும் பாட்டு, பிரசங்கம், ஜெபம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. மைசூர் மண்ணில் பிழைக்க வந்த தமிழர்கள் ஒரு கூடாரத்துக்குள் கூடித் தம் மொழியில் பாடியிருக்கிறார்கள், 1779இல்! சங்கக் கட்டடங்களும் மலர்களும் இல்லாத காலம். எனக்கென்னவோ இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஹைதர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். ஆங்கிலேயர் ஒப்பந்தங்களை மீறியதைச் சுட்டிக் காட்டினார். அவர்கள் உண்மையாகவே சமாதானத்துக்குக் கை நீட்டினால் என் கையை இழுத்துக்கொள்ள மாட்டேன் என்ற பொருளில் பதில் கொடுத்தார். புறப்படும்போது பல்லக்கிலே வழிச்செலவுக்கென்று ஒரு பை இருந்தது. உள்ளே 300 ரூபாய். சுவார்ட்ஸ் வேண்டாம் என்றார். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கள் உயிருக்கே ஆபத்து என்று அரண்மனை ஆட்கள் பயந்தார்கள். அந்த 200 சவுக்குகளை நேரில் பார்த்தவராயிற்றே, அவர்கள் பயம் அவருக்குப் புரியாதா? வாங்கிக்கொண்டார். சென்னைக்கு வந்ததும் பையைக் கம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். "உமக்கு வந்ததுதானே, வைத்துக்கொள்ளும்" என்றார்கள். அப்படியானால் தஞ்சாவூர் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு இதுவே முதல் முதலாக இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

தூது பலித்ததா? பலிக்கவில்லை. ஒருபுறம் சமாதானம் பேசிக்கொண்டே கம்பெனி மறுபுறம் செய்தவை ஹைதரைச் சீண்டிவிட்டன. அவருக்குப் போர்த் தளவாடம் வந்து இறங்கிய மாகி துறைமுகத்தைக் கம்பெனிப் படை 1779இலேயே பிடித்துவிட்டது. நல்லெண்ணத்தோடு போனவரைக் கம்பெனி ஒரு திரைச்சீலையாகப் பயன்படுத்தியது என்பதே என் கருத்து. 1780 ஜூலையில் ஹைதர் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். தஞ்சை மாவட்டத்து முதியவர்கள் வாயில் 'ஹைதர் கலாபம்' என்று நெடுங்காலம் வழங்கிய அழிவு அதுதான். அந்த அழிவின் நடுவிலும் ஹைதர் தம் தளபதிகளுக்கு ஓர் ஆணை இட்டிருந்தார்: சுவார்ட்ஸ் பாதிரியார் எங்கே போனாலும் தடுக்காதீர்கள், மரியாதை செய்யுங்கள். தூது தோற்ற பிறகும் தூதர் மேல் வைத்த நம்பிக்கை தோற்கவில்லை. 'இனிமேல் பேச ஆள் அனுப்புவதானால் அந்தப் பாதிரியை அனுப்புங்கள், அவர் ஏமாற்ற மாட்டார்' என்று ஹைதர் சொன்னதாகவும் ஒரு கூற்று பல நூல்களில் வழங்குகிறது.

கூலியை எதிர்பார்த்துப் போனவர் என்றால் இந்தத் தோல்வியில் நொந்து போயிருப்பார். சுவார்ட்ஸ் தஞ்சாவூர் திரும்பி அடுத்த வேலையைப் பார்த்தார். அடுத்த வேலை பஞ்சம்.

போருக்குப் பயந்து சுற்று வட்டாரமே தஞ்சைக் கோட்டைக்குள் வந்து அடைந்தது. மக்கள் தெருவில் செத்து விழுந்தார்கள். கோட்டையில் நெல் இல்லை. வெளியே கிராமங்களில் நெல் உண்டு. அதை ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் தர மறுத்தார்கள். ஏன் தருவார்கள்? முன்பு கொடுத்ததற்குக் கூலி வந்து சேரவில்லை. அரசர் ஆணையிட்டார், பயனில்லை. கம்பெனி அதிகாரிகள் கேட்டார்கள், பயனில்லை. கடைசியில் துளஜா, 'நம் எல்லாருடைய பேச்சும் செல்லாக்காசாகிவிட்டது, சுவார்ட்ஸ் ஐயர் பேச்சையாவது ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம்' என்ற பொருளில் சொல்லி, அவர் விருப்பப்படி குடிகளோடு உடன்படிக்கை செய்துகொள்ள அதிகாரம் கொடுத்தார். சுவார்ட்ஸ் ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்: உங்கள் கூலிக்கு நான் பொறுப்பு. இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கலம் என்றால் 12 மரக்கால்; தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, பெங்களூருவில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். ஒவ்வொருவருக்கும் உரிய கூலியை அவர் தவறாமல் கொடுத்துத் தீர்த்தார். பஞ்சம் வருமுன் விலை மலிவாக இருந்தபோதே நெல் வாங்கி வைத்திருந்து, அதைக்கொண்டும் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார்.

இதெல்லாம் அவர் தற்பெருமைக்காக எழுதி வைத்ததா என்றால், கிடையாது. 1793இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் மிஷனரிகளால் ஒரு நன்மையும் இல்லை என்று மாண்ட்கோமரி கேம்பெல் என்பவர் பேசினார். அதற்கு 1794இல் எழுதிய பதில் கடிதத்தில்தான் வேறு வழியில்லாமல் இந்தக் கணக்குகளை எல்லாம் சொன்னார். கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள் அவருடைய வாக்கை நம்பித் திரும்பியதும் அதில் வருகிறது. ஒரே நாளில் 7,000 பேர் வந்து உழவைத் தொடங்கினார்களாம்.

1783இல் திப்புவோடு சமாதானம் பேச அவரை மறுபடியும் அனுப்பினார்கள். சத்தியமங்கலம் வரை வந்தவரைத் திப்புவின் ஆட்கள் மேலே விடவில்லை. திரும்பிவிட்டார். அத்தோடு அரசியல் தூது முடிந்தது. பள்ளிக்கூட வேலை வளர்ந்தது. ரெசிடென்ட் ஜான் சல்லிவனின் முயற்சியோடு சேர்ந்து 1785 வாக்கில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட்டன. 1787இல் கம்பெனி இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கினார்கள். பாளையங்கோட்டையிலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்து வளர்த்தார். அவரே பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். அதே பாளையங்கோட்டையில் 1778இல் கிளாரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவைக்கு அவர் கொடுத்த திருமுழுக்கிலிருந்துதான் நெல்லைத் திருச்சபை தன் வரலாற்றைத் தொடங்குகிறது.

புகழ்ந்துகொண்டே போனால் வரலாறு ஆகாது. கிருபை எல்லார்க்கும் இலவசம், அதைப் பெறுவதில் உயர்வு தாழ்வு இல்லை என்று பிரசங்கித்த அதே ஆலயங்களில், வேளாளர் ஒருபக்கமும் ஒடுக்கப்பட்ட மக்கள் மறுபக்கமும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். சுவார்ட்ஸ் அதைப் பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் தானாகத் தேயும் என்று நம்பினார். தேயவில்லை. 1833இல் ஆங்கிலப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு கூடாதென்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபைகள் உடைந்தன. விலகியவர்களில் பலர் 1840களில் லைப்சிக் லுத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள். அவர் வளர்த்த சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். 300 ரூபாய்ப் பையைக் கண்டு கூசிய மனச்சாட்சி, ஆலயத்துக்குள் பிரித்து விரித்த பாயைக் கண்டு ஏன் அவ்வளவு கூசவில்லை? நம் பக்கத்துக் கோயில்களில் அந்நாளில் நடந்ததை நினைத்தால் இந்தக் கேள்வி கேட்க எனக்கு எவ்வளவு உரிமை என்பதும் யோசிக்க வேண்டியதுதான். ஆனாலும் கேள்வி நிற்கிறது. என் லுத்தரன் நண்பரிடமும் கேட்டேன். "அதைத்தான் சார் எங்க சபையில இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அரசியலிலும் அவர் கணிப்பு ஒருமுறை சறுக்கியது. 1787இல் துளஜா மரணப்படுக்கையில், தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சரபோஜியை சுவார்ட்ஸ் கையில் ஒப்படைக்க விரும்பினார். ஒரு குரு இராஜ்ஜியத்துக்குப் பாதுகாவலனாக இருப்பது முறையில்லை என்று சொல்லி, அரசரின் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பைக் கொடுக்கும்படி யோசனை கூறினார். அமர்சிங் அரியணை ஏறினார். பிள்ளையை அடைத்துவைத்துக் கல்வியும் இல்லாமல் வாட்டினார். அதைக் கண்டதும் சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு எழுதி எழுதிச் சிறுவனுக்குப் பாதுகாப்பு வாங்கினார். 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு கெரிக்கே ஐயரிடம் படித்தார். சரபோஜியின் உரிமையை நிலைநாட்ட சுவார்ட்ஸ் விடாமல் போராடினார். சரஸ்வதி மகாலைப் பற்றிப் பெருமைப்படுகிற நாம், அதை வளர்த்த மன்னரின் இளமை இப்படிக் கழிந்ததை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று: இத்தனை நெருக்கம் இருந்தும் சரபோஜி கடைசிவரை தம் சமயத்திலேயே இருந்தார். அதனால் இருவருக்கும் இடையில் அன்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

1797இன் கடைசியில் சுவார்ட்ஸ் நோயில் விழுந்தார். வயது 71. அவர் வளர்த்த கோல்ஹாப் ஐயர் உள்ளிட்ட சக ஊழியர்கள் உடனிருந்தார்கள். தாம் செய்த வேலைகளை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இறைவனின் இரக்கத்தையே பேசினார் என்று உடனிருந்தவர்கள் எழுதினார்கள். கண்மூடிக் கிடந்தவர் போய்விட்டார் என்றெண்ணி அவருக்குப் பிடித்த ஜெர்மன் பாட்டைப் பாட ஆரம்பித்தபோது, படுக்கையிலிருந்து அவர் குரலும் சேர்ந்து வந்ததாம். 1798 பிப்ரவரி 13இல் இறந்தார். அடக்கத்தன்று சரபோஜி வந்து, முகத்தைப் பார்த்து அழுது, உடல்மேல் பொன்னாடை போர்த்தினார். அந்த ஜூன் மாதம் அரியணை ஏறினார்; அதைக் காணத்தான் குரு இல்லை. சேர்ந்திருந்த பொருளையெல்லாம் மிஷனுக்கும் ஏழைகளுக்குமே எழுதி வைத்திருந்தார்.

சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் கம்பெனி அவருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னம் வைத்தது. தஞ்சை மானம்புச்சாவடியில், புனித பேதுரு ஆலயத்தில் கல்லறை இருக்கிறது. அதன் மேலுள்ள ஆங்கிலச் செய்யுள் சரபோஜியே இயற்றியது. சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் இருப்பது சரபோஜி இங்கிலாந்தின் பெரிய சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பம்: படுக்கையில் குரு, அவர் கையைப் பிடித்தபடி மன்னர், பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். அந்த ஆலயத்தின் ஆண்டும் 1779 என்பது கவனிக்கத்தக்கது. சீரங்கப்பட்டணம் போன அதே ஆண்டு. தரங்கம்பாடியில் முளைத்த லுத்தரன் சபை 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றுத் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் நடக்கிறது. சுவார்ட்ஸின் தஞ்சைச் சபைகள் ஆங்கிலச் சபை வழியாகத் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்துவிட்டன.

அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். மைசூருவில் மாலையில் புறப்பட்டுப் பெங்களூரு வழியாகத் தஞ்சை போகிற இரவு ரயில் இருக்கிறதல்லவா, அது சீரங்கப்பட்டணத்தைக் கடந்து, கரூர், திருச்சி வழியாகத்தான் விடியற்காலையில் தஞ்சாவூரை அடைகிறது. பிள்ளைகளைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போங்கள். தரிசனம் முடிந்ததும் அப்படியே நடந்து சிவகங்கைத் தோட்டத்துக்குப் போய், ஆலயம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். சிற்பத்தில் மன்னர் எந்தக் கையைப் பிடித்திருக்கிறார் என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.